கூப்பிடாமல் வைத்த பங்கு

போன வாரம் நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது, பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள் ஒன்றைக் காட்டினீர்கள். மனம் கலங்கி நெருக்கடியில் இருக்கிற ஒருவருக்கு உங்கள் வட்டாரத்தில் எங்கெங்கே உதவி கிடைக்கும் என்று எழுதி நிரப்ப வேண்டிய தாள். மருத்துவமனை, ஆம்புலன்ஸ், காவல் நிலையம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பியிருந்தீர்கள். கடைசிக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. 'இதே துன்பத்தைக் கடந்து வந்து, இன்னொருவருக்குத் துணையாக இருக்கக்கூடிய உள்ளூர்க்காரர்.' உங்களில் ஒருவர், "அப்படி யாரும் எங்க பக்கம் இல்லையே சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிவிட்ட உறுத்தல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒளிந்திருக்கிறார்கள். ஒளிந்திருப்பதற்கு அவர்களிடம் நியாயமான காரணமும் இருக்கிறது.

1966இல் நான் கிள்ளைப் பக்கத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். அம்மை குத்துவது, கிணற்றுக்கு மருந்து போடுவது, காலரா வந்தால் ஓடுவது, இவைதாம் என் வேலை. மனநோய்க்கும் எனக்கும் உத்தியோக முறையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாளும் கிழமையும் பிசகாமல் குறித்து வைக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தை நிலாக் கணக்கில் சொல்வதுதான் சரி. கடலோரத்தில் காலண்டர் தேதியை யாரும் கேட்பதில்லை. நீரேற்றமும் ஓட்டமும் நிலாவோடு போகின்றன. அவர்கள் பேச்சும் அப்படியே.

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், முகத்துவாரத்தில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். கலியபெருமாள் என்பவர் கரையில் ஒதுங்கினார். அவருடைய மைத்துனன் நாகப்பன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நாகப்பனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா அஞ்சலாட்சி வீட்டிலேயே, அதாவது கலியபெருமாள் வீட்டிலேயே, இருந்து வந்தவன். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்பிறை பாதி ஆனபோது கிணற்று மருந்தோடு அந்தக் குப்பத்துக்குத் தோணியில் போனேன். கலியபெருமாளை வீட்டு நடுக்காலில் வலைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். நல்ல உடல்வாகு உள்ள ஆள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கோபத்தோடுதான் பேச்சைத் தொடங்கினேன்.

"கட்டாம என்னா பண்றது சார்?" என்றார் தங்கராசு. கலியபெருமாளின் பங்காளி, அவரோடு கட்டுமரம் ஏறுகிற கூட்டத்துக்குத் தலைவர். "தண்ணி ஏறுற சத்தம் கேட்டா எழுந்துக்கிறான். 'நேரமாச்சு, கூப்புடுறாங்க'ன்னு கெளம்பிடுறான். நேத்து புடிக்கப் போன எங்க சின்னவன் மூக்க ஒடச்சிட்டான். பாக்குறீங்களா? டேய், இங்க வாடா, சாருக்கு மூக்கக் காட்டு."

"வேணாம்ப்பா, நம்புறேன்."

"என் தம்பியக் கடலுக்குக் குடுத்தேன். இவரக் கயித்துல கட்டி வச்சிருக்கேன்" என்றார் அஞ்சலாட்சி. "எனக்கு ஒக்காந்து அழுவக்கூட நேரமில்ல சார். அழுதா இவரு என்னைய பாத்து, 'எனக்கும் சேத்து அழுதுடு'ங்கிறாரு."

நான் கலியபெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாரா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "செத்தவன எழுப்பி வச்சு சோறு திங்கச் சொல்றாளுவ" என்றார், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல. "கருமாதிக்குள்ள நான் போய்ச் சேரணும். நாகப்பன் ஒத்தையா நிக்கிறான்."

கருமாதி பௌர்ணமியை ஒட்டி வந்தது. கடல் நன்றாக ஏறியிருக்கிற நாட்கள் அவை.

திரும்பும்போது தங்கராசு தோணித்துறை வரைக்கும் வந்தார். "எங்கள ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க சார். அவன் மரம் ஏறலன்னாலும் பங்கு ஒரு நாளு தவறல. காலையில கரைக்கு வந்ததும் மொத வேலையா அவன் வூட்டு வாசலுக்கு மீனு போயிடும்" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று வியந்து, அதை வாய்விட்டுச் சொல்லியும் பாராட்டினேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் கோபித்துக்கொள்ளும் சுபாவம். மறுநாளே என்னோடு தோணி ஏறி வந்து, தூங்குவதற்கு ஊசி போட்டார். கயிற்றை அவிழ்த்து, புண்ணுக்கு மருந்து வைத்து, துணி சுற்றி, மறுபடி தளர்வாகக் கட்டச் சொன்னார். கலியபெருமாள் ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். எழுந்ததும் கேட்டது: "கருமாதி ஆயிடுச்சா?"

டாக்டரம்மா என்னைக் கடலூருக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். பேருந்தில் உட்காரக்கூடப் பொறுமை இல்லை. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஊர் ஊராக எண்ணிக்கொண்டிருந்தேன். கடலூரில் யாரைக் கேட்டாலும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி, போலீஸ் காவலோடு ரயிலில் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே போய் நல்லபடியாகத் திரும்பி வந்த ஒருவரைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன், ஆகவே அந்த வழியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தான் செத்துவிட்டதாக நம்புகிற மனிதனை, காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கருமாதிக்கு முன்னால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? வழியில் எத்தனை ஆற்றுப் பாலம்?

"முதலில் இந்தப் பௌர்ணமி கடக்கட்டும். அப்புறம் அவரே சம்மதித்துப் போகிற மாதிரி பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "மருந்து தூங்கவைக்கும். கண் விழித்ததும் பக்கத்தில் யார் இருப்பார்கள், அதைச் சொல்லுங்கள்."

குப்பத்துப் பஞ்சாயத்தார் அவ்வளவு காத்திருக்கத் தயாராக இல்லை. கருமாதிக்கு முதல்நாள் தோணியில் ஏற்றி, துறையிலிருந்து வண்டி கட்டி அவரைச் சிதம்பரம் கொண்டுபோய்ப் போலீஸில் ஒப்படைப்பது என்று முடிவு செய்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்துவிடக் கூடாது என்ற பயம்.

மனம் கேட்காமல் மறுநாள் விடிந்ததும் நான் மறுபடி போனேன். கட்டுமரங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. தங்கராசின் ஆள் ஒருவன் இரண்டு ஓலைக் கூடைகளோடு வந்தான். கலியபெருமாள் வீட்டு வாசலில் முதல் கூடையை வைத்தான். அதன் பக்கத்திலேயே இரண்டாவதை வைத்தான். உள்ளே பார்க்காமல், யாரையும் கூப்பிடாமல், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான்.

உள்ளே கட்டப்பட்டிருந்த கலியபெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா? ரெண்டு கூடை. ரெண்டு பொணம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கடற்கரை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாதாரண நாளில் பங்கு கொடுக்கிறவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவான். கேலி பேசுவான். கையில் கொடுத்துவிட்டுப் போவான். கடலில் போனவன் வீட்டுக்கு மட்டும் கருமாதி வரைக்கும் அவன் பங்கைக் கூப்பிடாமல் வைத்துவிட்டு வருவார்கள். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை என்பதால் அப்படி. நாகப்பன் அந்த வீட்டுப் பிள்ளை. அவன் பங்கு அங்கே அப்படித்தான் வரவேண்டும். கலியபெருமாளின் பங்கைப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டால் அவர் கத்துகிறார், அடிக்க வருகிறார் என்று பயந்து, அதையும் ஓசைப்படாமல் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடு செய்த காரியம். அந்த மனிதருக்கு அது ஒவ்வொரு காலையும் வந்து சேருகிற சாவுச் சேதி.

ஓடிப்போய்த் தங்கராசிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்ப பங்க நிறுத்தச் சொல்றீங்களா? உசுரோட இருக்குறவன் பங்க நிறுத்துனா ஊரு என் மூஞ்சில காறித் துப்பும்."

"நிறுத்த வேணாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில குடுங்க."

"யாரு குடுக்குறது? சின்னவனுக்கு இன்னும் மூக்கு வீக்கம் வத்தல. நீங்க குடுக்குறீங்களா?"

கொடுத்துப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கூடையை எடுத்துப் போய், "கலியபெருமாள், இந்தாங்க உங்க பங்கு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கருமாதிக்கு வந்த ஆளா?" என்றார். வெள்ளைச் சட்டையும் குடையுமாக வந்து நிற்கிற ஒருவன் சொன்னால் அவர் உயிரோடு இருப்பதாக ஆகிவிடுமா? அந்தப் பக்கம் போய்த் திரும்பியவன் யாராவது வந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒரு கணுக்கால் ஞாபகம் வந்தது.

முந்தின கோடையில் அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றின் மெஸ்ஸில் காலரா ஊசி போடப் போயிருந்தேன். கோவிந்தன் என்று ஒரு சமையல்காரர். கடலூர்த் துறைமுகத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர். மீன் குழம்புக்காகவே அந்த மெஸ்ஸுக்குக் கூட்டம் வரும். அவர் முக்காலியில் உட்கார்ந்தபோது வேட்டி விலகி, கணுக்காலைச் சுற்றிலும் ஒரு பழைய வடு தெரிந்தது. சுற்றிலும் சீராக, வளையம் போல. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று வேட்டியை இழுத்து மூடினார். எதையும் கேட்காமல் ஊசி போட்டுவிட்டு வந்துவிட்டேன். கோயில் குளங்களில் புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைக்கிற வழக்கம் அப்போது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பந்தி முடிந்த நேரம் பார்த்து மெஸ்ஸின் பின்கட்டுக்குப் போனேன். அவர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கலியபெருமாளின் கதையைச் சொன்னேன். கூடை வரைக்கும் சொன்னேன். உங்களுக்கும் இப்படி வந்ததா என்று கேட்கவில்லை. அவரே கேட்டார்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

என் கண் அவர் காலுக்குப் போயிருக்க வேண்டும்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல. எங்க டாக்டரம்மாவுக்குக்கூடத் தெரியாது."

அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் பேசி முடிச்சிருக்கு. தையில கல்யாணம். எனக்கு அப்ப வந்தது டிபின்னுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கோம். மெட்ராஸ்ல போயி இருந்ததும் டிபிக்குத்தான். டிபின்னா பொண்ணு எடுப்பான். இது தெரிஞ்சா எடுப்பானா? சொல்லுங்க, நீங்க படிச்சவரு. நீங்க எடுப்பீங்களா?"

எடுப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் காலத்தில் என் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். "தெரியல" என்றேன்.

"இதையாவது நெசமா சொன்னீங்களே" என்றார். பிறகு, "போய்ட்டு வாங்க சார், ராத்திரி பந்திக்கு வெங்காயம் உரிக்கணும்" என்று எழுந்துகொண்டார்.

வற்புறுத்தவில்லை. இளையவர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். அவரிடம் கேட்பதற்கே எனக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் ஓயவில்லை. ஓர் உயிரைக் காட்டி இன்னொருவரின் மகள் வாழ்க்கையைப் பணயமாகக் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் உண்மை. அவர் மாட்டேன் என்றதும் திரும்பி நடந்தேன் என்பதும் உண்மை. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"சார்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ரெண்டு கூடையையும் பக்கத்துல பக்கத்துலயா வைக்கிறானுவோ?"

"ஆமாம்."

"அடப் பாவிங்களா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நாளைக்கு மெஸ்ஸுக்கு மீனு வாங்கணும். வழக்கமா மார்க்கெட்டுலதான் வாங்குறது. கரையிலயே வாங்குனா நயமா கெடைக்கும்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டு வர்றேன். நான் மீனு வாங்க வர்ற ஆளு. அதுக்கு மேல ஒரு வார்த்த ஒங்க வாயிலேர்ந்து வரக்கூடாது."

மறுநாள்தான் வண்டி வருவதாக இருந்த நாள். கோவிந்தன் முதல் பேருந்தில் வந்து, தோணி ஏறிக் குப்பத்துக்குச் சேர்ந்தார். தோளில் சாக்குப் பை. பார்ப்பதற்கு அசல் மீன் வாங்குகிற ஆள். கலியபெருமாள் வீட்டு வாசலில் இரண்டு கூடையும் ஏற்கெனவே இறங்கியிருந்தன. ஒன்றைத் தொடாமல் தாண்டினார். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய், கட்டப்பட்டிருந்தவரின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அஞ்சலாட்சியிடம், "கயித்த அவுரும்மா. கையக் கட்டிப் போட்டுட்டு வியாபாரம் பேசுனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கயிறு அவிழ்ந்தது. கலியபெருமாள் அசையவில்லை.

கோவிந்தன் ஒரு மடவை மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னா மீனு இது? நேத்துப் புடிச்சதா, முந்தாநேத்துப் புடிச்சதா? செவுளு வெளுத்துப் போயிக் கெடக்கு."

கோவிந்தன் இன்னொரு மீனைப் புரட்டினார்.

"கிள்ளை மடவ, கிள்ளை மடவன்னு பேருதான் பெத்த பேரு. எங்க ஊருப் பக்கம் இத கருவாட்டுக்குக்கூடப் போட மாட்டோம்."

கலியபெருமாளின் தாடை அசைந்தது. அவருக்குள்ளே எங்கேயோ அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "காலையில ஏறுன மீனு அது. கண்ணு தெரியுதா ஒனக்கு?"

அஞ்சலாட்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு தெரியுது. வெல என்னா?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? மீனு விக்கிறது பொம்பளைங்க வேல. அவளக் கேளு." பல நாள் கழித்து அவர் வாயிலிருந்து மனைவியைப் பற்றி வந்த முதல் பேச்சு அது.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? பஞ்சாயத்தார் நான்கைந்து பேர் கயிற்றோடு உள்ளே நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கராசு. கட்டு அவிழ்ந்திருப்பதைப் பார்த்ததும், "அய்யய்யோ, யாருடா அவுத்துவிட்டது?" என்று ஒருவர் கத்தினார். அந்தச் சத்தத்தில் கலியபெருமாள் எழுந்துவிட்டார். எல்லோரையும் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனார். வீட்டுக்குப் பின்னால் மணல். மணலுக்கு அப்பால் கடல்.

எல்லோரும் பாய்ந்தார்கள். "யாரும் புடிக்காதீங்க!" என்று கோவிந்தன் கத்தினார். கத்திக்கொண்டே அவர் மட்டும் ஓடினார்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பிடிக்க ஓடுகிறவர்கள் கடலோடிகள், பலசாலிகள், விட்டால் பிடித்துவிடுவார்கள். பிடித்தால் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். பிடிக்காமல் விட்டு, அவர் ஆழத்துக்குப் போய்விட்டால் அது என் தலையில்தான் விழும். யோசிக்க அவகாசமே இல்லை. நான் குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். தங்கராசு என் மார்பில் வந்து மோதினார்.

"நவுருங்க சார்! செத்துப்புடுவான்!"

"தங்கராசு, நில்லுங்க. கொஞ்சம் நில்லுங்க. அவரு பக்கத்துல ஆளு இருக்கு பாருங்க."

எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கும் ஒருநாள் நடுங்கும். நடுங்கிக்கொண்டே நிற்கலாம், தப்பில்லை. ஆனால் கண்ணை எடுக்காதீர்கள். இன்னும் ஓர் அடி ஆழத்துக்குப் போனால் தங்கராசை விட்டுவிடுவது என்று உள்ளுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

கலியபெருமாள் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். கோவிந்தன் அவரைத் தொடவில்லை. பக்கத்தில் போய், அவருக்கும் கடலுக்கும் நடுவே நின்றார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே எடுத்துக் காட்டினார். காற்று கரைப்பக்கம் அடித்ததால் பேசியது எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"இதப் பாரு. சங்கிலி போட்ட காலு. நானும் ஒன்ன மாதிரிதான். செத்துட்டேன், கடலு என்னையக் கூப்புடுதுன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். மாசக்கணக்கா கட்டிப் போட்டானுவோ. இங்க புண்ணாச்சு. சீ வச்சுது. அப்பறம் மெட்ராஸுல மருந்து குடுத்தாங்க, இங்கயும் ஆறுச்சு, இங்கயும் ஆறுச்சு." காலைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார். "செத்தவனுக்குப் புண்ணு ஆறுமாடா?"

கலியபெருமாள் அந்தக் காலையே பார்த்தார். அலை ஒன்று வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அவருடைய மணிக்கட்டுகள் உப்புத் தண்ணீரில் முங்கி எழுந்தன. கையை உதறினார்.

"எரியுதா?" என்றார் கோவிந்தன்.

கலியபெருமாள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எரியுது."

"எனக்கும் எரிஞ்சுது. வா, கரைக்குப் போவலாம். எனக்குக் குளிருது."

இருவரும் சேர்ந்தே கரைக்கு வந்தார்கள். பஞ்சாயத்தார் கையில் கயிறு இருந்தது. யாரும் அதை நீட்டவில்லை.

அவர் குணமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். அன்றைக்குப் பிற்பகலே மறுபடி, "கருமாதி எப்போ?" என்று கேட்டார். ஆனால் கோவிந்தன் பக்கத்தில் இருந்து, "ஒரு ஆளுக்குத்தான் கருமாதி. ஒம் மச்சானுக்கு நீதான் முன்ன நிக்கணும்" என்று பதில் சொன்னார். கேட்ட போதெல்லாம் அலுக்காமல் சொன்னார். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் தங்கராசே பங்கைக் கொண்டுவந்தார். நாகப்பனின் கூடையை வாசலில் ஓசைப்படாமல் இறக்கினார். அன்றைக்குக் கருமாதி, அதுதான் கடைசிக் கூடை. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளியே நின்று கூப்பிட்டார்.

"கலியபெருமாளு! டேய் கலியா! பங்குடா!"

மறுபடி கூப்பிட்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் தலை நீட்டினார்கள். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினார்.

"கத்தாதடா. காது கேக்குது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தங்கராசு கூடையோடு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

மழை வலுக்குமுன், கலியபெருமாள் தன் சம்மதத்தோடு சென்னைக்குப் போய் மருந்து வாங்கி வந்தார். கூடப் போனவர் கோவிந்தன். பிறகும் லீவு கிடைத்த போதெல்லாம் சாக்குப் பையோடு குப்பத்துக்கு வந்து போனார். இருவரும் பேசிக்கொண்டதைவிடச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் ஜாஸ்தி.

இப்போது கோவிந்தனின் பக்கத்துக்கு வருகிறேன். அவர் தண்ணீரில் நின்று சொன்னதை ஒரு குப்பமே கேட்டிருந்தது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும். கரையோரத்தில் சேதி மீனைவிட வேகமாகப் போகும். கார்த்திகையில் மாப்பிள்ளையின் தகப்பனார் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து விசாரிக்க வந்துவிட்டார். நான் அன்றைக்கு அங்கே இருந்தது தற்செயல்தான். வலை காயவைத்துக்கொண்டிருந்த தங்கராசிடம் அவர் நேரடியாகவே கேட்டார்: "அந்த மெஸ்ஸு கோயிந்தனுக்கு முன்ன சித்தம் சரியில்லாம இருந்துதாமே? இங்கதான் தெரியும்னாங்க."

அங்கே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"கோயிந்தனா? யாரு... மீனு வாங்க வருவாரே, அவரா?" என்றார் தங்கராசு. "செவுளத் தூக்கித் தூக்கிப் பாப்பாரு. நல்ல மீனப் பழசும்பாரு. சரியான பேரக்காரரு."

"வேற ஒண்ணும் இல்லியா?"

வலையின் மறுமுனையில் உட்கார்ந்து கண்ணி கோத்துக்கொண்டிருந்த கலியபெருமாள் தலைநிமிர்ந்தார். மணிக்கட்டில் புண் ஆறி வடுவாகியிருந்தது. "அவருக்கா சித்தம் சரியில்ல?" என்றார். "அவருகிட்ட ஒரு வாட்டி மீனு வித்துப் பாரு மாமா. ஒனக்குத்தான் சித்தம் கலங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவரும் சிரித்துவிட்டார். ஊரே சேர்ந்து மறைத்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். மறைக்கத் தேவையில்லாத காலம் வரவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் அது வரும்வரை, உங்கள் தாளின் கடைசிக் கட்டத்தில் யார் பெயரையும் அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் தையில் நடக்கவேண்டிய ஒரு கல்யாணம் இருக்கலாம். அவர் தானாக வருவதாக இருந்தால் எந்த வேஷத்தில் வருகிறாரோ அந்த வேஷத்திலேயே வரவிடுங்கள். வந்த பிறகு அவருக்கு ஏற்படுகிற நஷ்டத்தில் பங்கெடுக்க ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனை எனக்கு முன்கூட்டி வரவில்லை. குப்பத்துக்காரர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.

தையில் கல்யாணம் நடந்தது. நானும் டாக்டரம்மாவும் போயிருந்தோம். கல்யாணத்தன்று மரக்கறிச் சாப்பாடு. மறுநாள்தான் கறியும் மீனும். மறுநாள் காலை நான் விடைபெறப் போயிருந்தேன். சிதம்பரத்தில் கோவிந்தன் குடியிருந்த தெருவில் கலியபெருமாள் தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அஞ்சலாட்சி. கிள்ளையிலிருந்து முதல் பேருந்தில் வந்திருக்கிறார்கள். கூடையில் மடவை இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

வாசலில் புதுச் சம்பந்திகள் நின்றிருந்தார்கள். "வாங்க, கூடைய இப்பிடி வச்சிட்டு உள்ள வாங்க" என்று ஒருவர் கை நீட்டினார்.

கலியபெருமாள் கூடையை இறக்கவில்லை. அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி, கடற்கரையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"கோயிந்தன் அண்ணே! பங்கு வந்திருக்கு! வெளிய வந்து கையில வாங்குங்க!"

கோவிந்தன் கரண்டியோடு வெளியே வந்தார். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையாலும் கூடையை வாங்கினார். பிறகு ஒரு மீனை எடுத்து, சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்க்க, செவுளைத் தூக்கிப் பார்த்தார்.